பதினெட்டு 'எப்போதும்'

1

நான் அமெரிக்கா வந்து ஏழு வருஷம் முடிந்த வாரத்தில், என் ஆறு வயது மகள் ரூத்தின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறை வெளியே வந்தது. ஏழு வருஷ நிறைவுக்கு வேறு யாரும் ஒரு வரி எழுதவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் எழுதியிருந்தது. உங்கள் மகளின் கவனக்குறைவு பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வர இயலுமா, உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி. இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம் இதுதான்: கடிதத்தில் மரியாதை கூடக் கூட விஷயம் மோசம்.

விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து ரூத்தை அவள் வகுப்பில் வைத்துக்கொள்ளாமல், தினமும் மதியம் வரை தனி அறையில் வேறொரு ஆசிரியையிடம் விட யோசிக்கிறார்களாம். அந்த அறை எனக்குத் தெரியும். தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னல் இல்லாத அறை. ரூத்துக்கு இந்த நாட்டில் மொத்தம் ஒரே ஒரு சிநேகிதி. அவள் இருப்பது பழைய வகுப்பில்.

எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை சத்தமாகப் படித்தேன். என் மனைவி ஸ்டெல்லா தரங்கம்பாடிக்காரி. கடலோரத்தில் வளர்ந்ததால் யார் எவ்வளவு இரைந்தாலும் கலங்க மாட்டாள்.

"கத்தி முடிச்சிட்டீங்களா?"

"என் பிள்ளைக்குக் கவனம் இல்லையாம்!"

"உங்க பிள்ளைதானே. வேற யார் மாதிரி இருப்பா? காலையில கார் சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வச்சது யாரு?"

இந்தப் பேச்சு முழுக்க ரூத் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஒரு க்ரேயானின் காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கவனிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2

கோபம் வந்தால் நான் எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் போன் போடுவேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. உலகத்தில் என்னைவிடக் கோபக்காரி அவள் ஒருத்திதான் என்பதால் பேசி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிடும்.

"கவனம் இல்லையாமா?" என்றாள் அக்கா. "இங்க வந்து பாரு. என் கிளாஸ்ல அறுபது உருப்படி. ஒருத்தன் பல்பத்த தின்னுக்கிட்டிருப்பான். ஒருத்தி முன்னாடி உக்காந்திருக்கறவ ஜடைய பிரிச்சிக்கிட்டிருப்பா. ஆறு வயசுல என்னடா கவனம்? உனக்கு இப்ப இருக்கா?"

"நீ என்ன பண்ணுவ அவங்கள?"

"மொதல்ல கத்துவேன். அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, எனக்குத்தான் தொண்ட கட்டும். அப்புறம் தரையில உக்காந்து புளியங்கொட்டைய கொட்டிடுவேன். பத்துப் பத்தா கூறு கட்டுங்கடான்னா கட்டும். கைக்கு வேல குடுத்தா தல தானா நிக்கும். ஆனா ஒண்ணு, அது பண்ணிக்கிட்டிருக்கறப்ப நாம வாயத் தொறக்கக் கூடாது. அது உனக்கு ஜென்மத்துக்கும் வராது."

"அக்கா..."

"பாத்தியா, நான் முடிக்கல. அதுக்குள்ள பேசற. சரி, புள்ளைகிட்ட குடு, ஹலோ சொல்லட்டும்."

ரூத் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். "ரூத்! அத்தை லைன்ல இருக்காங்க, ஓடி வா, ஹலோ சொல்லு!" என்று கத்தினேன். வந்து ஹலோ சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் போனவள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

3

என்னையும் கவனம் இல்லாதவன் என்று ஒரு காலத்தில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கடிதம் கிடையாது. பிரம்பு உண்டு.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா, வழக்கப்படி, தலைமையாசிரியர் முன்னால் என்னைத் தள்ளி நிறுத்திச் சொன்னார்: "சார், சுத்த கழுத. ஒரு எடத்துல நிக்க மாட்டான், சொன்ன பேச்சு கேக்க மாட்டான். கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க." தலைமையாசிரியரும் வழக்கப்படி, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, முகத்தப் பாத்தாலே தெரியுது, கெட்டிக்காரப் பய" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் அப்பா கடைத்தெருவில் நின்று எனக்குக் கைமுறுக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் கையில் காசு இருந்த நாளும் அல்ல அது. எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே சொன்னது ஊருக்கு. முறுக்கு எனக்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறும் இருந்தது. தலைமையாசிரியருக்கு வழக்கம் தெரியும். அப்பா அவரிடமும் அதையே சொல்லப்போக, மூன்றாம் வகுப்பு வாத்தியார் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால். ஜூன் மாதம் மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர நாளாகும். வருகிற அன்று நான் கரும்பலகையைப் பார்ப்பேனா? காய்ந்து வெடித்த வாய்க்காலில் தண்ணீரின் தலை, சருகையும் நுரையையும் எறும்பையும் சுமந்துகொண்டு, ஒரு கிழவர் நடக்கிற வேகத்தில் வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். முக்கால் மணி நேரம் இமைக்காமல் பார்த்திருக்கிறேன்.

"எங்கடா இருக்கு கவனம்?"

"தண்ணி வந்துடுச்சு சார்."

இதற்கு நான்கு அடி. உண்மை சொன்னதற்கு மேற்கொண்டு இரண்டு. முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நிலைத்த கவனத்தைப் பார்த்து, கவனம் இல்லை என்று அடித்த மனிதர் அவர். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. நாற்பத்து மூன்று வயதில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் மேல் கோபம் வைத்திருப்பது ஆரோக்கியமா என்று கேட்காதீர்கள். வேறு யார் மேலும் கோபப்பட இந்த ஊரில் வசதி இல்லை.

அப்புறம் தொண்ணூறுகளில், நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டோம் என்றார்கள். உள்ளே வருவதற்காகத் திறந்த கதவு வழியாக என்னைப் போன்றவர்கள் வெளியே போனோம். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும் என்று பயந்து அமெரிக்காவில் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். கம்ப்யூட்டர்கள் குழம்பவில்லை.

4

வியாழக்கிழமை சண்டைக்குத் தயாராகப் போனேன். பேச வேண்டியதை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் உரிமைகள், இரண்டாவதில் சரித்திரம், மூன்றாவதில் வசவு. எல்லாம் ஆங்கிலத்தில், அகராதி பார்த்து.

ரூத்தின் ஆசிரியை மிஸ் கரோல் என்னையும் ஸ்டெல்லாவையும் குழந்தைகளின் நாற்காலியில் உட்காரச் சொன்னார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருக்கிற மனிதனால் உரிமை பற்றிப் பேச முடியாது. இது திட்டமிட்ட சதி என்று இன்றும் நம்புகிறேன்.

அவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒரு மாதத்துக்கு முன்பு முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பதினெட்டு கேள்விகள். எடுத்த வேலையை முடிப்பதில்லை, பொருள்களைத் தொலைக்கிறாள், தன் முறைக்குக் காத்திருப்பதில்லை, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும். அதே படிவத்தை ஆசிரியையும் நிரப்பியிருந்தார்.

அவருடைய தாளில் டிக்குகள் இங்கும் அங்கும் கிடந்தன. பெரும்பாலும் 'சில சமயம்'. நாலைந்து 'ஒருபோதும் இல்லை'. எங்கள் தாளில் பதினெட்டு டிக்கும் ஒரே வரிசையில், நடவுக் கயிறு பிடித்த மாதிரி, 'எப்போதும்' கட்டத்தில் நின்றன.

"நான் பார்க்கும் ரூத்துக்கு இந்த வயதுக் குழந்தைக்கு உள்ள சிரமம்தான்," என்றார் மிஸ் கரோல். "ஆனால் இப்படி ஒரு படிவத்தை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் நிலைமை கைமீறிவிட்டது, நீங்கள் உதவி கேட்கிறீர்கள் என்று நினைத்தோம். அதனால்தான் தனி அறை."

என் மூன்று பக்கமும் சட்டைப் பையில் மடங்கிப் படுத்துக்கொண்டன.

அந்தப் படிவத்தை நாங்கள் நிரப்பிய விதம் இது. நான் சாப்பாட்டு மேஜையில். ஸ்டெல்லா தோசைக்கல் முன்னால்.

"'எடுத்த வேலையை முடிப்பதில்லை.' என்ன போட?"

"முடிக்கிறான்னு போட்டுத் தொலைக்காதீங்க."

"சில சமயம்?"

"அது என்ன வழவழன்னு. எப்போதும்னே போடுங்க. நம்ம பிள்ளைய நாமளே ஒசத்தி எழுதிக் குடுத்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"'ஓயாமல் பேசுகிறாள்'?"

"அதுக்கு ரெண்டு டிக் போடுங்க!"

சிரித்துக்கொண்டே போட்டோம். நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள். கண்ணேறு, திருஷ்டி என்றெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. 'பெருமை வேண்டாம்' என்போம். பயம் ஒன்றுதான், பெயர் வேறு.

இதை மிஸ் கரோலுக்கு விளக்க முயன்றேன்.

"எங்கள் ஊரில் சொந்தப் பிள்ளையை வெளியாரிடம் புகழ மாட்டோம்."

"புகழ வேண்டாம். உள்ளதைச் சொல்லலாமே?"

"உள்ளதைச் சொன்னால் புகழ்ந்த மாதிரி ஆகிவிடும். அதனால் குறைத்துச் சொல்வோம். எதிரில் இருப்பவர் மறுப்பார்."

"யார்?"

"நீங்கள்தான். 'சேச்சே, அப்படியெல்லாம் இல்லை, தங்கமான பிள்ளை' என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "அதற்கு இதில் இடம் இல்லையே," என்றார்.

பிறகு ஒரு கோப்பிலிருந்து மூன்றாவது தாளை எடுத்தார். 'நான்' என்று தலைப்பு. பிள்ளைகள் தாங்களே எழுதியது. எனக்கு நன்றாக வருவது என்ற இடத்தில் ரூத் ஒரு மீன் வரைந்திருந்தாள். எனக்கு வராதது என்ற இடத்தில், எழுத்துக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏற, பாதி எழுத்துப் பிழையோடு: 'ஒரு இடத்தில் நிற்பது. அப்பா எல்லோரிடமும் சொல்வார்.'

"கொஞ்சம் கஷ்டமான எதைக் கொடுத்தாலும் இதைத்தான் சொல்கிறாள்," என்றார் மிஸ் கரோல். "ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிடுகிறாள். 'நான் உட்கார மாட்டேன், எனக்கு வராது.' சண்டை போடுவதில்லை. ஏதோ தன் உயரத்தைச் சொல்வது போலச் சொல்கிறாள்."

ஸ்டெல்லா அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கும்வரை திருப்பித் தரவில்லை.

ஏழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒரு தமிழர் வீட்டில் கூடுகிறோம். ரூத் நடக்க ஆரம்பித்ததிலிருந்து யாராவது அவளைப் பற்றிக் கேட்பார்கள், நான் சொல்வேன்: "இவளா? ஒரு எடத்துல நிக்க மாட்டா." எல்லோரும் சிரிப்பார்கள். ரூத்துக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அது எங்களுக்குப் பெரிய பெருமை. ஆனால் அவளுக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடைத்தெரு கிடையாது. காரில் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டு, நாங்கள் முன்னால் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டு வருவோம். வசவு மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டது. முறுக்கு நன்னிலத்திலேயே தங்கிவிட்டது.

அன்று என் கோபம் யார் மேல் போய் உட்கார்வது என்று தெரியாமல் அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் அதற்கு ஒரே ஒரு நாற்காலிதான் கிடைத்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

5

மிஸ் கரோல் ஒரு புதுப் படிவம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத் தர வேண்டும். அதற்கப்புறம்தான் தனி அறை பற்றி முடிவு. "இந்த முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்," என்றார். தினமும் கால் மணி நேரம், அவள் ஏதாவது செய்யும்போது, குறுக்கே பேசாமல்.

கால் மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ரூத் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி பஸ் செய்துகொண்டிருந்தாள். அன்றைய குறிப்பை அப்படியே தருகிறேன். நிமிர்ந்து பார்த்தாள்: நான், 'கத்திரிக்கோல் பத்திரம்' என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்: ஸ்டெல்லா, 'பால் ஆறுது' என்றாள். நிமிர்ந்து பார்த்தாள்: டிவியில் எவளோ ஒரு மருமகள் அழுதாள். நிமிர்ந்து பார்த்தாள்: நான், 'பஸ்ஸுக்கு சக்கரம் எங்கே' என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்: போன் வந்தது, எடுத்து, 'ரூத், அங்கிளுக்கு ஹலோ சொல்லு' என்றேன். அதோடு பஸ் நின்றது.

ஐந்து முறை. ஒரு முறைகூட அவளாக நிமிரவில்லை.

அந்தப் பதினெட்டு கேள்விகளையும் எடுத்து எனக்கு நானே டிக் போட்டுப் பார்த்தேன். பொருள்களைத் தொலைப்பது, குறுக்கே பேசுவது, முறைக்குக் காத்திராதது. மிகை சேர்க்காமல், பெருமை வேண்டாம் என்று குறைக்காமல், நேர்மையாகப் போட்டதில் பதினான்கு 'எப்போதும்' தேறின. அந்தத் தனி அறைக்கு நான்தான் போக வேண்டும். எனக்கு ஜன்னலும் வேண்டாம்.

டிவியை நிறுத்தினோம். மாலையில் போன் வந்தால் அடிக்கட்டும் என்று விட்டோம். நன்னிலத்தில் அக்கா, "ஹலோ இல்லாட்டி போகுது, நான் என்ன செத்தா போயிட்டேன், நாளைக்கு சொல்லட்டும்" என்றாள். புளியங்கொட்டைக்கு எங்கே போவது? ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் மொச்சையும் கலந்து தட்டில் கொட்டினோம். இனம் பிரித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சின்ன வேலை, முடிந்தது கண்ணுக்குத் தெரிகிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான உடலுழைப்பு அது.

எல்லாம் மூன்றே நாளில் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. மூன்றாம் நாள் ரூத் தட்டைத் தள்ளிவிட்டாள். மொச்சை சோபாவுக்கடியில் ஓடியது.

"எனக்கு வராது."

"பாதி முடிச்சிட்டியேம்மா."

"நான்தான் ஒரு எடத்துல நிக்க மாட்டேன்ல?"

தமிழில் சொன்னாள். என் குரலில் சொன்னாள். அந்த 'எடத்துல'வை நான் இழுப்பது போலவே இழுத்தாள். இந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"யார் சொன்னா அப்படி?" என்றேன்.

"நீங்கதான். எல்லார்கிட்டயும்."

அப்போது அவளிடம், அதெல்லாம் சும்மா சொன்னது என்று விளக்கினேன். ஆறு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் மிஸ் கரோல் படிவத்தைத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. எல்லார்கிட்டயும் சொன்னதைத் தனியாக வாபஸ் வாங்க முடியாது. எங்கே சொன்னேனோ அங்கேதான் வாங்க வேண்டும்.

6

அடுத்த ஞாயிறு ஜாஃபர் அண்ணன் வீடு. கூத்தாநல்லூர்க்காரர். நன்னிலமும் கூத்தாநல்லூரும் பக்கம் பக்கம் என்பதால் இந்த ஊரில் அவர் எனக்குச் சொந்த அண்ணன் மாதிரி. பிரியாணி தம்மில் இருந்தது. பிள்ளைகள் கம்பளத்தில். ரூத் ஒரு படத்துண்டு விளையாட்டை வைத்துக்கொண்டிருந்தாள். துண்டுகளைச் சேர்த்தால் கப்பல் வரும்.

ஜாஃபர் அண்ணன் தன் ஒன்பது வயது மகளைக் காட்டி முறைப்படி ஆரம்பித்தார். "நம்ம வீட்டு மகாராணி இருக்காளே, புஸ்தகத்தக் கண்டா அப்படி ஒரு தூக்கம் வருது அவளுக்கு. சரி, உங்க ரூத் எப்படி? இப்பவாச்சும் ஒரு எடத்துல நிக்கிறாளா?"

என் முறை. இத்தனை வருஷமாகச் சொன்ன பதில் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. விசா நேர்காணலில்கூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை.

"நல்லா நிக்கிறாண்ணே," என்றேன். "ஒரு வேலைய எடுத்தா நல்லா பாத்து செய்யிறா. நான்தான் இவ்வளவு நாளா தப்பா சொல்லிக்கிட்டிருந்தேன். குறுக்க குறுக்க பேசி அவள எழுப்பி விட்டது நான். அவ இல்ல."

சபையில் ஒருவன் சட்டையைக் கழற்றினால் விழுகிற அமைதி விழுந்தது. ஸ்டெல்லா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "ஆண்டவரே." அவளும் விடவில்லை, "ஆமாண்ணே, நெஜமாத்தான்" என்றாள்.

ஜாஃபர் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "மாஷா அல்லாஹ்," என்றார் அவசரமாக, குழந்தையின் தலைக்கு மேல் குடை பிடிப்பது போல. பிறகு தன் மகள் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "நம்ம வீட்டுதும் அவ்வளவு மோசமில்லதான். கணக்குல கில்லாடி." அந்தப் பெண் சடாரென்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

ரூத் நிமிரவில்லை. ஆனால் அவள் கை நின்றுவிட்டது. ஒரு துண்டைப் பிடித்தபடி அந்தரத்தில். பிறகு அதை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள். கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. வாயில் ஒரு வடையைத் திணித்துக்கொண்டேன்.

கப்பல் முடிந்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

7

படிவத்தை நேற்று கொடுத்துவிட்டேன். ரூத் இப்போதைக்குப் பழைய வகுப்பில்தான் இருப்பாள், வருஷக் கடைசியில் மறுபடி பார்ப்போம் என்றார் மிஸ் கரோல். நன்றி சொன்னேன். என் மூன்றாம் பக்க வசவு இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் 'நீங்கள்' என்று எழுதிய இடத்தையெல்லாம் 'நான்' என்று மாற்றிப் படித்தேன். இலக்கணம்கூட அவ்வளவாகக் கெடவில்லை.

புதுப் படிவத்தில் நிறைய 'சில சமயம்', இரண்டு 'அடிக்கடி'. பார்த்ததை எழுதினேன். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் பேனா நின்றது. 'பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை' என்று இருந்தது. போன முறை இதற்கும் சிரித்துக்கொண்டே 'எப்போதும்' போட்டிருக்கிறேன். மேஜைக்கடியில், கம்பளத்தில், காரின் பின்சீட்டில் இருந்துகொண்டு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கீழே விடாத பிள்ளைக்கு.

'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. பின்பக்கம் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.